கடைசிக் குழாயில் மஞ்சள்

அக்டோபர் 3, வெள்ளி

பெட்டி வந்து இறங்கிவிட்டது. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் மோட்டார் அறையில், வடக்குச் சுவரில் மாட்டியாயிற்று. தலைவர் ரிப்பன் வெட்டினார். ரிப்பன் கிடைக்காததால் என் பழைய சேலையின் பார்டரைக் கிழித்து நானே கட்டியிருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இனிமேல் பிளீச்சிங் பவுடர் வேண்டாமாம். அளத்தங்கரை ஊராட்சிக்குப் பதினோரு வருஷமாக நான்தான் தொட்டி ஆபரேட்டர். பதினோரு வருஷமும் அந்தப் பவுடரைக் கரைத்தே என் கண்கள் சிவந்தன. இனி உப்பும் தண்ணீரும் கரண்டும் போதும். உப்புத் தண்ணீருக்குள் தகடுகள் முங்கி நிற்கின்றன. கரண்ட் பாய்ந்தால் அந்த உப்பிலிருந்தே குளோரின் வந்துவிடுகிறது. அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றினால் கிருமி சாகும். மூன்று பக்கமும் உப்பளம் இருக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மெஷினை யாரும் கொடுத்திருக்க முடியாது.

மாட்டிக் கொடுத்தவள் ஷமீமா. தூத்துக்குடியில் இருந்து கம்பெனி அனுப்பியது. எட்டு மாத வயிறு. "ஏணியில ஏறாத பிள்ள" என்று நாலு தரம் சொன்னேன். "ஏறல யக்கா, எட்டித்தான் பாக்கேன்" என்று நாலு தரமும் சிரித்தாள்.

பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் கூடுகள். அவள் 'செல்' என்றாள். எங்கள் ஊரில் செல் என்றால் போன். அதனால் நான் கலம் என்றே எழுதப்போகிறேன். இடது கலம், வலது கலம். ஒவ்வொன்றிலும் ஒன்பது தகடு.

"இந்தத் தகட்டு மேல கறுப்பா இருக்குல்லா யக்கா, அதுதான்..." என்று அவள் தொடங்கும்போது தலைவர் போட்டோவுக்குக் கூப்பிட்டார். போய் நின்றுவிட்டு வருவதற்குள் ஷமீமா கலத்தை மூடிவிட்டாள். பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறாள். நிதானமாகப் படிக்க வேண்டும்.

தினமும் எழுத ஒரு பதிவேடும் தந்தாள். ஆம்பியர் எவ்வளவு, உப்பு எத்தனை கிலோ, குழாயில் என்ன நிறம். அதில் வேறு எதற்கும் இடமில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

அக்டோபர் 4, சனி

இத்தனை வருஷம் தொட்டி அடியிலேயே தண்ணீர் பிடித்துச் சோதித்து எழுதிவிடுவேன். ஷமீமா அது கூடாது என்றாள். லைனில் கடைசிக் குழாய் எதுவோ அங்கே பிடித்துப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் குளோரின் போய்ச் சேர்ந்தால்தான் நடுவில் இருக்கிற வீடுகளுக்கும் கிடைத்ததாக அர்த்தம். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர், அதில் மருந்து சில சொட்டு. மஞ்சளானால் நல்ல தண்ணீர்.

கடைசிக் குழாய் கீழத்தெரு முனையில் எங்கள் அண்ணன் வீட்டு வாசலில் இருக்கிறது. வேறு எங்காவது இருந்திருக்கலாம்.

அண்ணன் மனைவி இலங்காமணி மைனி என்னோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. காரணத்தைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு வால்வை மூட வேண்டும் என்பது விதி. அவர்கள் புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்கும் சரியாக ஏழுக்கே மூடினேன். முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு வைத்த அண்டா பாதிதான் நிறைந்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

தெரியும் என்று மைனி சொல்கிறாள்.

இன்று போனேன். குப்பியில் பிடித்தேன். நல்ல மஞ்சள். மைனி கதவைச் சாத்தினாள். நான் போனது குளோரினுக்காக மட்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

டீக்கடையில் டீ மருந்து வாசம் அடிக்கிறதாம். "ரெண்டு நாள்ல பழகிரும்" என்றேன். "எனக்குப் பழகிரும், டீக்குப் பழகாதே" என்று கடைக்காரர் சொன்னதற்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்.

கடைசிக் குழாயில் மஞ்சள். முத்துரேகா, அண்ணன் மகள், ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். நான் பதிலுக்குக் குப்பியை ஆட்டினேன்.

அக்டோபர் 11, சனி

தகடுகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நம் அளத்து உப்பு சுத்தமில்லை, அதனால்தான். புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்து அலச வேண்டும். இடது கலத்தைக் கழற்றி அப்படியே செய்தேன். வெள்ளை போய்விட்டது.

ஆனால் ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. ஒன்பது தகட்டில் ஐந்து நல்ல வெள்ளி நிறம். நாலு மட்டும் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பு. ஒரே கூட்டுக்குள் ஐந்து பேர் குளித்தும் நாலு பேர் குளிக்காமலும் இருந்தால் பார்க்க எப்படி இருக்கும்? கம்பி நார் எடுத்தேன். கொஞ்சம் மணலும் சேர்த்துக்கொண்டேன். லேசில் விடவில்லை. ஒன்றரை மணி நேரம். ஒன்பதும் ஒன்றுபோல ஆகிவிட்டன. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை நான் இவ்வளவு மினுக்கியதில்லை.

வலது கலத்துக்குக் கை ஒத்துழைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை.

அக்டோபர் 14, செவ்வாய்

இடது கலத்தில் குமிழி குறைவாக வருகிறது. கரண்ட் சரியில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

மோட்டாருக்குக் கரண்ட் நன்றாகத்தான் வருகிறது. வலது கலமும் பொங்கிக்கொண்டு இருக்கிறது. இடது கலத்தின் ஆம்பியர் முள் மட்டும் பன்னிரண்டில் இருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. அதற்கு உடம்பு சரியில்லை. பதிவேட்டில் 'இயல்பு' என்று எழுதினேன். நாளைக்குச் சரியாகிவிடும் என்பதால்.

கடைசிக் குழாயில் மஞ்சள், கொஞ்சம் வெளிர்.

அக்டோபர் 17, வெள்ளி

ஷமீமா போன் செய்தாள். டாக்டர் இனிமேல் பஸ் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"தகடெல்லாம் எப்படி இருக்கு யக்கா?"

"பளபளன்னு வச்சிருக்கேன் பிள்ள."

"பளபளன்னா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது.

அக்டோபர் 18, சனி

புத்தகத்தை முழுக்கப் படித்தேன். ஆறாம் பக்கத்தில் இருப்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. படம் போட்டு, அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறார்கள். படத்தில் இருக்கும் கை கம்பி நார் பிடித்திருக்கிறது.

வலது கலத்தைத் தொடவில்லை.

ஸ்டோரில் பழைய பிளீச்சிங் மூட்டை பாதி கிடக்கிறது. அதிலிருந்து தினம் கொஞ்சம் கரைத்துச் சேர்த்தால் யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. என் வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. அவர் அளத்தில் மழைக்கு முந்தி உப்பை அள்ளிக் குவித்து மூடும் வேலையில் இருக்கிறார். எதற்குத் தொந்தரவு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் நன்றாக வரவில்லை. இடது கலம்: இயல்பு.

அக்டோபர் 24, வெள்ளி

அண்ணன் தாம்பாளத்தோடு வந்தான். முத்துரேகாவுக்குக் கல்யாணம். நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர் அம்மன் கோவில் மண்டபத்தில். மாப்பிள்ளைக்குத் திருச்செந்தூர்ப் பக்கம்.

"மைனி வரலையாண்ணே?"

"எங்க ரெண்டு பேரு பேரையும் போட்டுத்தான அடிச்சிருக்கு" என்று பத்திரிகையைக் காட்டினான்.

"பத்திரிகையா வந்து கூப்பிடும்?"

அண்ணன் காப்பியைக் குடித்தான். பாவம், அவன் என்ன செய்வான். போகும்போது, "அறுநூறு பேரு வருவாவ. தண்ணிதான் பூங்கனி முக்கியம்" என்றான்.

கல்யாணத்துக்குப் போகலாமா என்று யோசிக்க வேண்டும். பச்சையில் மாம்பழ பார்டர் போட்ட சேலைக்கு மட்டும் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருக்கிறேன். சும்மா இருக்கட்டும் என்று.

அக்டோபர் 29, புதன்

மழை தொடங்கிவிட்டது. மூட்டைப் பவுடரின் வீரியம் குறைகிறது. இரண்டு மடங்கு போட்டும் வெளிர் மஞ்சள்தான்.

மைனி இப்போது கதவைச் சாத்துவதில்லை. நான் சோதிக்கும்போது நிலைப்படியில் நின்று கீரை ஆய்கிறாள். கீரையைப் பார்ப்பதில்லை. குப்பியைப் பார்க்கிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

நாலு நாளாக விடாத மழை. கல்யாணத்துக்குப் பந்தல் சாமானும் ஜெனரேட்டரும் லாரியில் வந்து இறங்கின. நல்லவேளை, அதற்குப் பிறகுதான் மத்தியானம் தரைப்பாலம் முங்கியது.

நவம்பர் 3, திங்கள்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், பிறகு யாராவது கேட்டால் உதவும்.

காலையில் ஆற்றுத் தண்ணீர் நம் குடிநீர்க் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. தண்ணீர் டீ நிறத்தில் வருகிறது. பத்து மணிக்குத் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானசெல்வம் வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் பதினாலு பேருக்கு வாந்தியும் பேதியுமாம். இரண்டு பேர் மோசமாம். "குளோரினை ரெட்டிப்பாக்குங்க அக்கா. உங்ககிட்டதான் புது மெஷின் இருக்கே, எனக்குக் கவலையில்ல" என்றார்.

ஸ்டோருக்குப் போனேன். கூரை ஒழுகி மூட்டை நனைந்து கல்லாகக் கிடந்தது. உடைத்துக் கரைத்தேன். வாசமே இல்லை.

கடைசிக் குழாய்க்குப் போனேன். சொட்டு விட்டேன். ஆட்டினேன். இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"என்ன, மஞ்சளே வரல?"

மைனி. மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"வரும்" என்றேன்.

"எப்ப வரும்?"

குப்பியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன். முத்துரேகா உள்ளே இருந்து செம்பில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ஷமீமாவுக்குப் போன் போட்டேன். இன்று சிக்னல் நன்றாக இருந்தது.

"பிள்ள, நான் இடது கலத்துத் தகட்ட கம்பி நார் போட்டுத் தேச்சிட்டேன். கறுப்பு முழுக்கப் போயிட்டு."

"தெரியும் யக்கா."

"எப்படித் தெரியும்?"

"பளபளன்னு சொன்னீயள்லா. அன்னைக்கே தெரியும். அப்புறம் எத்தனை தரம் போன் போட்டேன், நீங்க எடுக்கல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. அடியில் இருப்பது டைட்டானியம். அதன் மேல் விலை உயர்ந்த உலோகங்களின் பூச்சு. அந்தப் பூச்சுதான் உப்பிலிருந்து குளோரினைப் பிரிக்கிறது. அது போனால் தகடு தன் மேல் தானே ஒரு தோலை வளர்த்துக்கொண்டு கரண்டை உள்ளே விடாது. மறுபடி பூச நம்மால் முடியாது. புதிதுதான் வாங்க வேண்டும்.

"வலது கலம்?"

"அதத் தொடல."

"ஏன் தொடல?"

"கை வலிச்சிச்சு."

ஷமீமா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது போனிலேயே கேட்டது. "உங்க கைக்கு ஒரு மாலை போடணும் யக்கா" என்றாள். வலது கலம் ஒன்றே போதுமாம். ஐந்து மணி நேரத்தில் எடுக்கிற குளோரினைப் பத்து மணி நேரத்தில் எடுக்க வேண்டும். சுத்தமான உப்பாக வேண்டும், அழுக்கு உப்பென்றால் தகடு ஒரே நாளில் வெள்ளை கட்டிவிடும். பத்து மணி நேரமும் கரண்ட் நிற்கக் கூடாது.

"அதுவரைக்கும் யாரும் கொதிக்க வைக்காமக் குடிக்கக் கூடாது. அத ஊருக்குச் சொல்லணும் யக்கா. நீங்கதான் சொல்லணும்."

அவரிடம் முதலில் சொன்னேன். அவர் உடனே சட்டையை மாட்டினார். "வா, நானும் வாரேன்" என்றார்.

கோவில் மைக்கை வாங்கினேன். என்ன பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். மழையில் எழுத்து அழிந்துவிட்டது. அதனால் வந்ததைப் பேசினேன்.

"நான் பூங்கனி பேசுதேன், தொட்டி ஆபரேட்டர். இன்னைக்கி வார தண்ணியில மருந்து இல்ல. எல்லாரும் நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க. பிள்ளையளுக்குப் பச்சத் தண்ணி குடுக்காதீங்க. மெஷின் மேல தப்பு இல்ல. நான்தான் தேய்க்கக் கூடாதத தேச்சுக் கெடுத்திட்டேன். பதிவேட்டுலயும் பொய் எழுதிட்டேன். ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணுதேன்."

மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் கோவில் முன்னால் முப்பது நாற்பது பேர் குடையோடு நின்றார்கள். தலைவர், "ரிப்பன் வெட்டி ஒரு மாசந்தானம்மா ஆகுது!" என்றார், அழாத குறையாக. டீக்கடைக்காரர், "நான் எப்பவும் கொதிக்கத்தான் வைக்கேன்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. ஒரு பெண், "எங்க வீட்டுல கைப்பிள்ள இருக்கு, நேத்தே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி.

மைனி கடைசியில் நின்றாள். நான் முடித்ததும் திரும்பிப் போய்விட்டாள்.

பதிவேட்டை எடுத்து, பதினாறாம் தேதியில் இருந்து எழுதிய 'இயல்பு' எல்லாவற்றையும் அடித்து, பக்கத்தில் உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது கையெழுத்து.

மாலை நாலு மணிக்கு ஆற்றங்கரையில் மின்கம்பம் சாய்ந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மூன்று நாள் ஆகுமாம்.

நவம்பர் 5, புதன்

காலை ஆறரைக்கு மோட்டார் அறைக்குப் போனேன். கரண்ட் இல்லாமல் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல்தான் போனேன். அங்கே எனக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டியில் கல்யாண ஜெனரேட்டர். அதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறாக, மைனி.

"எங்க இறக்க?" என்றாள்.

"மைனி, இது சீரியல் லைட்டுக்குல்லா..."

"லைட்டு எரிஞ்சு என்னத்துக்கு? பொண்ணும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கவா? எங்க இறக்கன்னு கேட்டேன்."

"வெளியதான் மைனி. உள்ள வைக்கக் கூடாது. கலத்துல இருந்து குமிழியா வாறது தீப்பிடிக்கிற வாயு."

மைனி வண்டிக்காரர் வாயில் இருந்த பீடியைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

இறக்கி வைத்ததும் மைனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏ பூங்கனி, இதையும் ஏழு மணிக்கு நிறுத்திருவியோ?"

என்னால் தாங்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். மைனி சிரிக்கவில்லை, ஆனால் முந்தானையால் வாயைத் துடைத்தாள். அதற்குள் சிரித்திருக்கலாம்.

"அன்னைக்கி அண்டா பாதிதான் நிறைஞ்சிருந்திச்சுன்னு எனக்குத் தெரியும் மைனி" என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மூன்று வருஷம் அதோடு முடிந்தது.

உப்புக்கு வழி சொன்னது அவர். "உப்ப நல்ல தண்ணியில கழுவுனா கரைஞ்சு போயிரும். கெட்டியான உப்புத் தண்ணியிலயே கழுவணும். உப்பு நிக்கும், அதுல இருக்க கசப்பு மட்டும் போயிரும்" என்றார். இருபது வருஷமாக அளத்தில் நிற்கிற மனிதர். ஒரு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் இதை நான் கேட்கவே இல்லை. அவரும் மைனியும் தார்ப்பாயை விலக்கி அண்ணன் அளத்துக் குவியலின் நடுவில் இருந்து வெள்ளை உப்பாக எடுத்து, கூடையில் போட்டு மூன்று தரம் அலசினார்கள். உப்பு மல்லிகைப்பூ மாதிரி ஆகிவிட்டது.

வலது கலத்தை வினிகரில் ஊற வைத்து, கையால் கூடத் தடவாமல், தண்ணீரை ஊற்றி மட்டும் அலசினேன். நாலு கறுப்புத் தகடும் கறுப்பாகவே இருந்தன. இவ்வளவு அழகான கறுப்பை நான் பார்த்ததில்லை.

எட்டு மணிக்கு ஓட விட்டோம். முள் பன்னிரண்டில் போய் நின்றது. குமிழி பொங்கியது. மாலை ஆறு வரைக்கும் நானும் மைனியும் மாறி மாறிக் காவல். மைனி வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது. உப்புதான் கொஞ்சம் கூட. சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நேற்று எடுத்த இருபது லிட்டரையும், ஜெனரேட்டரிலேயே மோட்டாரை ஓட்டி நிரப்பிய தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, வால்வைத் திறந்தேன். கடைசிக் குழாயில் குப்பியை மைனிதான் பிடித்தாள். நான் சொட்டு விட்டேன். லேசான மஞ்சள். இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"பத்தாது" என்றேன்.

"பத்தாது" என்றாள் மைனியும், பதினோரு வருஷம் சர்வீஸ் போட்டவள் மாதிரி.

மறுபடி பத்து மணி நேரம் ஓட்டினோம். கொதிக்க வைக்கச் சொல்லி இரண்டு வேளை பேட்டரி போட்ட மைக்கில் சொன்னேன். ஒரு வேளை மைனி சொன்னாள். அவள் சொன்னது நன்றாகக் கேட்டதாம். மைக் இல்லாமலே கேட்டிருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

மஞ்சள்! பளிச்சென்று, சாமந்திப்பூ மாதிரி மஞ்சள்!

முத்துரேகா, மைனி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் குப்பியை வாங்கிப் பார்த்தார்கள். நர்ஸ் ஞானசெல்வம் தன் குப்பியில் தனியாகச் சோதித்தார். சரி என்றார். நம் ஊரில் இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மைக்கில் சொன்னதும் ஜனங்கள் பயந்து கொதிக்க வைத்ததுதான் காரணம் என்றார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிற்பகல் கரண்ட் வந்தது. ஷமீமாவுக்குச் சொன்னேன். "மாலை உங்க கைக்கு மட்டும் இல்ல யக்கா, உங்க மைனிக்கும் சேத்து" என்றாள்.

நவம்பர் 8, சனி

தண்ணீர் வடிந்து தரைப்பாலம் வெளியே தெரிந்தது. முதல் வண்டியிலேயே மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து இறங்கினார். கையில் பை கூட இல்லை, விஷயத்தோடு வந்திருந்தார்.

"இந்தப் பக்கம் தண்ணி சரியில்லன்னு கேள்விப்பட்டோம். தேதியத் தள்ளி வைக்கலாம்னு எங்க வீட்டுல நினைக்காவ."

முத்துரேகா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். மைனிதான் முன்னால் வந்தாள்.

"தண்ணி சரியில்லாமத்தான் இருந்திச்சு. இப்ப சரியாயிட்டு. எங்க நாத்தனாதான் பாத்து விடுதா. அவ தப்புப் பண்ணுனா அவளே மைக் போட்டுச் சொல்லுவா. அந்த மாதிரி ஆளு உங்க ஊருத் தொட்டிக்கு உண்டா?"

பெரியவர் திகைத்துப்போனார். நான் குப்பியை எடுத்துவந்து அவர் கண் முன்னாலேயே பிடித்துச் சொட்டு விட்டேன். மஞ்சள். என்ன, ஏன், எப்படி என்று கேட்டார். சொன்னேன், கம்பி நார் உட்பட. பிறகு அதே குழாயில் ஒரு தம்ளர் பிடித்து நான் முதலில் குடித்தேன். இன்னொரு தம்ளரை அவர் வாங்கி, முகர்ந்து பார்த்து, ஒரே மூச்சில் குடித்தார்.

"மருந்து வாசம் அடிக்கி" என்றார்.

"அடிக்கணும்யா. அடிச்சாத்தான் நல்லது."

"அப்ப சரி" என்று துண்டால் வாயைத் துடைத்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு முகூர்த்தம்?"

நவம்பர் 9, ஞாயிறு

கல்யாணம். மைனி விடியுமுன் நேரில் வந்து கூப்பிட்டாள். பச்சைச் சேலை கட்டினேன்.

தாலி கட்டும்போது எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் பந்தியில் எல்லோரும் இலையைப் பார்க்க, நான் தம்ளர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் குடித்தாலும் தம்ளரைக் கீழே வைக்கும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. அறுநூறு பேர் என்றார்கள். எழுநூறு இருக்கும்.

"நீ உக்காந்து சாப்பிடப் போறியா, இல்ல எல்லாரு தொண்டையையும் எண்ணப் போறியா?" என்று மைனி என்னை இழுத்து உட்கார வைத்து அவளே பரிமாறினாள். பாயசம் இரண்டு தரம்.

நவம்பர் 10, திங்கள்

கம்பெனியில் இருந்து புதுத் தகடுகள் வந்தன. ஊராட்சி ஒன்றியத்தில் இருந்து ஒரு அதிகாரியும் கூடவே வந்தார். சேதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும் என்றார். எழுதினேன்: 'கறுப்பு அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். தெரிந்த பின்பும் பதினேழு நாள் சொல்லாமல் இருந்தேன்.' அவர் இரண்டாவது வரியைக் காட்டி, "இது தேவையில்லம்மா, முதல் வரியே போதும்" என்றார். "இருக்கட்டும் சார்" என்றேன். என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை. வரட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

நர்ஸ் ஞானசெல்வம் போன் செய்தார். கல்யாணத்துக்கு வந்த ஆட்களின் ஊர்களிலும் விசாரித்துவிட்டாராம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களும் தேறி வீடு திரும்பிவிட்டார்கள். "ரெண்டு நாளா ஒரு ஆள் கூட வரல அக்கா, எனக்குப் பொழுதே போகல" என்றார். இதைவிட நல்ல சேதியை இந்த மாதம் நான் கேட்கவில்லை என்று நினைத்த பத்தாவது நிமிஷம் ஷமீமாவின் வீட்டுக்காரர் போன். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, தாயும் பிள்ளையும் நலம்.

மத்தியானம் முத்துரேகா புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். கார் வாசலில் நின்றது. சீர்ச் சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று. அவள் என் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, "அத்தை, நீங்க அங்க வந்து அவங்க ஊருத் தண்ணியையும் ஒரு தரம் பாத்துச் சொல்லணும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் மைனி நன்றாகத்தான் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பியதும் என் தோளில் சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் அவள் தங்கை நின்றாள், அண்ணன் நின்றான், சாய்வதற்கு எத்தனையோ தோள் இருந்தது. என் தோளில்தான் சாய்ந்தாள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள் போலிருக்கிறது. என் சேலையின் தோள் பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

நான் அழவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.